ராஜா செத்தார், புராஜெக்ட் பிழைத்தது

அரசாங்கப் பணத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறவர் நிரப்பும் விண்ணப்பத்தில், எல்லோரும் களைத்துப்போன கட்டத்தில் ஒரு கேள்வி வரும்: "திட்டக் காலம் முடிந்த பிறகு இதன் பயன் எவ்வாறு நிலைத்திருக்கும்?" உலகத்திலேயே அதிகப் பொய் எழுதப்பட்ட இடம் அதுதான். ரேஷன் கார்டு மனுவில் வருமானம் எழுதும் இடத்துக்கு இரண்டாம் பரிசு தரலாம். எழுதுகிறவருக்கும் தெரியும், வாசித்து டிக் போடுகிறவருக்கும் தெரியும். "இணையதளம் தொடர்ந்து பராமரிக்கப்படும்" என்று எழுதி, சீல் குத்தி அனுப்பிவிடுவார்கள். நாலு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தத் தளத்தின் கடைசிச் செய்தி திறப்பு விழாப் புகைப்படமாக இருக்கும். நடுவில் அமைச்சர், பக்கத்தில் குத்துவிளக்கு, பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரியும் ஓர் ஆராய்ச்சி மாணவர்.

இந்தக் கேள்வியை வைத்து வரலாறு ஒரே நாட்டில், ஒரே தலைப்பில், 900 வருஷ இடைவெளியில் இரண்டு முறை பரீட்சை நடத்தியிருக்கிறது. முதல் பரீட்சை எழுதியவர் கேள்வித்தாளையே பார்க்கவில்லை. இரண்டாவது கோஷ்டி அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதியது. மதிப்பெண் யாருக்கு வந்தது என்பதுதான் கதை.

முதல் ஆள் வில்லியம், பிரான்ஸ் கடற்கரையில் நார்மண்டி என்ற பிரதேசத்தின் கோமகன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் ஊரார் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை மரியாதைப்பட்ட பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. 1066இல் கடலைத் தாண்டிப் போய், ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் ஒரே நாள் சண்டையில் இங்கிலாந்தை எடுத்துக்கொண்டார். பிறகு அந்தப் பட்டப்பெயர் மறைந்து "வெற்றிவீரர் வில்லியம்" ஆனார். கெஜட்டில் பெயர் மாற்றம் செய்ய இதைவிடச் செலவான வழி கிடையாது.

பத்தொன்பது வருஷம் போனது. 1085இல் டென்மார்க் ராஜா கப்பல் கட்டிக்கொண்டு வருகிறார் என்று செய்தி. வில்லியம் கூலிப்படையைக் கொண்டுவந்து இறக்கினார். கூலிப்படைக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பது இறக்கிய பிறகு உறைத்திருக்க வேண்டும். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு க்ளாஸ்டர் நகரில் சபை கூட்டினார். விருந்துக்கு வந்த பிரபுக்களும் ஆயர்களும் உட்காரவைக்கப்பட்டு நீண்ட ஆலோசனை நடந்தது. சாரம் இவ்வளவுதான்: இந்த நாடு என்னுடையது, சரி, இதில் என்னென்ன இருக்கிறது, யார் யாரிடம் இருக்கிறது, இன்னும் எவ்வளவு கறக்கலாம்?

நிதிநல்கைக் குழு என்றால் இப்படி இருக்க வேண்டும். விண்ணப்பம், நேர்காணல், திருத்திய பட்ஜெட் ஒன்றும் இல்லை. பணம் கொடுப்பவரே தலைமை ஆய்வாளர், அவரே பயனாளி.

அதிகாரிகள் கிளம்பினார்கள். ஊர் ஊராகப் பாதிரியார், மணியக்காரர், ஆறு குடியானவர்கள் என்று நிறுத்தி, சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். பழைய ராஜா எட்வர்டு காலத்தில் இந்த நிலம் யாருடையது? இப்போது யாருடையது? ஏர் எத்தனை, ஆலை எத்தனை, புல்வெளி எவ்வளவு, காடு எத்தனை பன்றிக்குத் தாங்கும்? அன்றைக்கு என்ன மதிப்பு, இன்றைக்கு என்ன மதிப்பு? கடைசியாக ஒரு கேள்வி: இதற்கு மேலும் ஏதாவது கிடைக்குமா? ஆராய்ச்சியின் உயிர்நாடி அந்தக் கடைசிக் கேள்விதான். பல ஆலைகளுக்கு வாடகை விலாங்கு மீன் கணக்கில் கட்டப்பட்டு வந்தது. அதையும் எண்ணி எழுதிக்கொண்டார்கள். ஒரு மாடு, ஒரு பசு, ஒரு பன்றிகூடக் கணக்குக்குத் தப்பவில்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்று அந்தக் காலத் துறவி ஒருவர் தன் வரலாற்றுக் குறிப்பில் புலம்பிவைத்திருக்கிறார். ஓர் ஆய்வுக்கு இதைவிட நல்ல மதிப்புரை கிடைக்காது.

இன்னொன்றும் செய்தார்கள். முதல் குழு எழுதிவந்ததைச் சரிபார்க்க இரண்டாவது குழுவை அனுப்பினார்கள். அதுவும் தங்களுக்கு அறிமுகமே இல்லாத பகுதிகளுக்கு. "நம்ம ஆளுதான், பாத்துப் போடுங்க" என்று சொல்ல அங்கே ஆளில்லை. இன்று பீர் ரிவ்யூ என்று மாநாடு கூட்டிப் பேசுகிற விஷயத்தை வில்லியம் சந்தேகப் புத்தியால் மட்டுமே கண்டுபிடித்துவிட்டார்.

இப்படி 13,000க்கும் மேற்பட்ட ஊர்களின் கணக்கு ஆட்டுத்தோலில், லத்தீனில், பெரும்பாலும் ஒரே எழுத்தரின் கையெழுத்தில் ஏறியது. அந்த எழுத்தரின் பெயர் யாருக்கும் தெரியாது. முதன்மை ஆசிரியர் பட்டியலில் பெயர் விட்டுப்போன முதல் ஆராய்ச்சி உதவியாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

முடித்தார்களா? அதுதான் இல்லை. லண்டன் இல்லை. வின்செஸ்டர் இல்லை. லண்டனுக்கென்று விட்டிருந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. "பிறகு சேர்க்கப்படும்" என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு விட்டிருப்பார்கள், நம் எல்லோரையும் போல. வடக்கே டர்ஹாம், நார்தம்பர்லாண்டு பக்கம் போகவே இல்லை. கிழக்கே எசெக்ஸ், சஃபக், நார்ஃபக் மூன்றும் சுருக்கி எழுதப்படாமல் கச்சாப் பிரதியாகவே நின்றுவிட்டன. முழுப் புத்தகத்துக்குப் பின்னால் "டோம்ஸ்டே" என்று பேர் வந்தபோது, இந்தக் கச்சாப் பிரதிக்குச் "சின்ன டோம்ஸ்டே" என்று பெயர் வைத்துச் சமாளித்தார்கள்.

ஏன் நின்றது? நிதிநல்கையாளர் காலமானார்.

1087. பிரான்சில் மான்ட் என்ற ஊரைக் கொளுத்தப் போன இடத்தில், பெருத்த உடம்போடு குதிரையில் இருந்தவருக்கு உள்காயம். செப்டம்பரில் ரூவான் நகரில் உயிர் போனது. சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் அவரவர் சொத்தைப் பார்க்க ஓடினார்கள். உடலைக் கான் நகருக்குக் கொண்டுபோய், அவரே கட்டிய மடாலயத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடானது. பிரசங்கம் முடிந்து குழிக்குள் இறக்கப் போகும் நேரம், கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். பெயர் அஸெலின். "இந்த இடம் என் அப்பாவுடையது. இவர் பிடுங்கிக்கொண்டார். இதில் இவரைப் புதைக்க விடமாட்டேன்" என்றார். அக்கம்பக்கத்துக்காரர்கள் "ஆமாம், உண்மைதான்" என்று சாட்சி சொன்னார்கள். ஒரு நாட்டின் நிலத்தையெல்லாம் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டவரின் சாவு வீட்டில் நிலத்தகராறு! ஆயர்கள் அங்கேயே குழியிடத்துக்கு 60 ஷில்லிங் எண்ணிக் கொடுத்தார்கள். பிறகு உடலை இறக்கினால் கல்பெட்டி சின்னது. அழுத்தினார்கள். வயிறு வெடித்தது. சாம்பிராணியெல்லாம் போட்டும் நாற்றம் அடங்காமல், மிச்சச் சடங்கை அவசர அவசரமாக முடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள் என்று ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். ஆர்டெரிக் பிறந்தது இங்கிலாந்தில். அந்தப் பத்தியைக் கொஞ்சம் ரசித்தே எழுதியிருப்பார் என்பது என் சந்தேகம்.

ஆக, முற்றுப்பெறாத ஆய்வு. புரவலர் போய்ச் சேர்ந்தார். இறுதி அறிக்கை கிடையாது. பயன்பாட்டுச் சான்றிதழ் கிடையாது. இன்றைய விதிப்படி கருப்புப் பட்டியலில் போட வேண்டிய கேஸ். ஆனால் அந்தப் புத்தகம் இன்றும் லண்டனின் தென்மேற்குப் பகுதியில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. லத்தீன் சுருக்கெழுத்து பழகியவரால் இன்றைக்கும் அதைப் படிக்க முடியும். கண்ணும் வெளிச்சமும் போதும், பிளக் பாயின்ட் தேவையில்லை.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "பார்த்தீர்களா, அந்தக் காலத்து ஆட்டுத்தோல்!" என்பார்கள். ஆட்டைப் பாராட்ட ஒன்றுமில்லை. அதே காலத்து ஆட்டுத்தோல் ஏடுகள் எத்தனையோ ஈரத்துக்கும் எலிக்கும் நெருப்புக்கும் போயின. சிலதைச் சுரண்டிவிட்டு மேலே வேறு எழுதினார்கள். சிலதைக் கிழித்து வேறு புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள். இந்த ஏடு தப்பியதற்குக் காரணம், இதற்கு ஒரு நாள்கூட எஜமான் இல்லாமல் போகவில்லை. அந்த எஜமான் கஜானா.

வரிக் கணக்குக்கும் நில வழக்குக்கும் அந்தப் புத்தகம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. 12ஆம் நூற்றாண்டிலேயே, இதில் எழுதியிருப்பதற்கு மேல்முறையீடு கிடையாது, கடவுளின் இறுதித் தீர்ப்பு மாதிரி என்று ஜனங்கள் அதற்கு "டோம்ஸ்டே", அதாவது தீர்ப்பு நாள், என்று பேர் வைத்துவிட்டதாகக் கஜானா அதிகாரி ஒருவரே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அதற்கென்று இரும்புப் பட்டை அடித்த பெட்டி வந்தது. பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் வெவ்வேறு அதிகாரிகளிடம். ஒருவர் லீவு போட்டால் மற்றவர்களாலும் திறக்க முடியாது. எரிச்சலான ஏற்பாடுதான், ஆனால் மூன்று சாவி என்றால் மூன்று சம்பளம், மூன்று பேருக்கு அந்தப் பெட்டி நினைவில் இருக்கும். முதல் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து புத்தகத்தைப் பாட்மின் சிறையில் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஷெப்டன் மாலெட் சிறை. ஒரு குற்றமும் செய்யாமல் இரண்டு முறை உள்ளே போய் வந்த வரிப்புத்தகம்!

நடுநடுவே படியெடுக்கவும் மறக்கவில்லை. 1783இல் அந்த லத்தீன் சுருக்கெழுத்துகளுக்கென்றே தனி அச்செழுத்து வார்த்து அச்சிட்டார்கள். 1860களில் நில அளவைத் துறை புகைப்பட முறையில் நகலெடுத்தது. ஒவ்வொரு காலத்திலும் அன்றைக்கு நடப்பில் இருந்த நுட்பத்துக்கு யாரோ அதை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள், அன்றைய அரசின் செலவில், முணுமுணுத்துக்கொண்டே.

இப்போது 900ஆம் பிறந்தநாள் பார்ட்டிக்கு வருவோம்.

1980களின் நடுவில் பிபிசியில் பீட்டர் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவருக்கு ஒரு யோசனை. 1986 வந்தால் டோம்ஸ்டேவுக்கு 900 வயது. புதிய டோம்ஸ்டே ஒன்று செய்தால் என்ன? இந்த முறை வரி கிடையாது, மிரட்டல் கிடையாது. ஜனங்களே தங்கள் ஊரைப் பற்றி எழுதட்டும். கணினியில் ஏற்றுவோம். ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்கள் 1986இல் நாம் எப்படி வாழ்ந்தோம் என்று பார்க்கட்டும்.

யோசனை அருமை, கிண்டல் இல்லாமல் சொல்கிறேன். வில்லியம் பன்றியை எண்ணினார். இவர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். நாடு முழுவதையும் நாலு கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பள்ளியிடமோ சங்கத்திடமோ ஒப்படைத்தார்கள். கட்டத்துக்கு மூன்று புகைப்படம், சில பக்கம் எழுத்து. சுமார் 9,000 பள்ளிகள், 10 லட்சம் பேர். கடைத்தெருவில் என்ன விலை, பள்ளியில் என்ன சாப்பாடு, சாயங்காலம் என்ன விளையாட்டு என்று பிள்ளைகள் எழுதித் தள்ளினார்கள். ஒன்றரை லட்சத்தை நெருங்கும் பக்கங்கள், 23,000க்கும் மேற்பட்ட படங்கள். கூடவே மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை வரைபடங்கள், வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல் படங்கள். இது இணையம் வீடுகளுக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால். செலவு சுமார் 25 லட்சம் பவுண்டு. பிபிசி, பிரிட்டன் அரசு, ஐரோப்பிய ஆணையத்தின் ஆராய்ச்சி நிதி, தனியார் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து.

எதில் ஏற்றினார்கள்? லேசர்த் தட்டில். எல்.பி. ரெக்கார்டு அளவுக்கு, வெள்ளி மாதிரி மின்னும் பெரிய தட்டு. அதைப் படிக்க ஃபிலிப்ஸ் கம்பெனி பிரத்தியேகமாகச் செய்த பிளேயர் வேண்டும். பிளேயரோடு பேச அக்கார்ன் கம்பெனியின் பிபிசி மாஸ்டர் கணினி வேண்டும். அந்தக் கணினியிலும் சாதாரணமானது ஆகாது, உள்ளே கூடுதல் உறுப்பு வைத்த ரகம். மவுஸுக்குப் பதில் உருட்டுப் பந்து. மொத்த செட்டின் விலை சுமார் 5,000 பவுண்டு. 1986இல் அந்தக் காசுக்குப் பள்ளிக்கூடம் எத்தனையோ வாங்கலாம். ஊர் கூடித் தேர் கட்டியாயிற்று. வடம் தொட டிக்கெட் 5,000 பவுண்டு. எழுதிக்கொடுத்த பள்ளிகளில் பலவற்றால் தங்கள் பிள்ளைகள் எழுதியதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்க முடியவில்லை.

திறப்பு விழா மட்டும் குறைவில்லாமல் நடந்தது. குத்துவிளக்கு இருந்திருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வர வேண்டும். ஆயிரம் வருஷத்துக்குப் பத்திரப்படுத்தும் வேலையை ஒப்படைத்தது யாரிடம்? 60களிலும் 70களிலும் டேப் செலவை மிச்சம்பிடிக்கத் தன் சொந்த நாடகங்களையே அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு பதிந்த நிறுவனத்திடம். "டாக்டர் ஹூ" தொடரின் பழைய பகுதிகள் எத்தனையோ அப்படித்தான் போயின. பூனைக்கும் பாலுக்கும் வரலாற்றில் இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டதில்லை.

லேசர்த் தட்டு ஓடவில்லை. குறுந்தகடு வந்தது. அக்கார்ன் கணினிகள் பரணுக்குப் போயின. பிளேயர்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. தட்டு நன்றாகத்தான் இருந்தது; அதைப் படிக்க ஆளில்லை. 2002 வாக்கில் லண்டன் பத்திரிகைகள் கேலி செய்ய ஆரம்பித்தன: வில்லியம் புத்தகம் 900 வருஷம், பிபிசி புத்தகம் 15 வருஷம்.

கேலி வந்தால் காப்பாற்றவும் ஆள் வரும். அதுவும் நிதியோடு, ஆகவே காலக்கெடுவோடு. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1999இலிருந்து நடத்திவந்த ஆய்வுத் திட்டத்தின் பெயர் "கமிலியான்". பச்சோந்தி என்று காதில் விழுகிற மாதிரி வைத்த பெயர். பழைய கணினி மாதிரியே புதிய கணினியை வேஷம் போடவைப்பது வேலை. தட்டிலிருந்த தரவை உருவி எடுத்து, 2002 டிசம்பரில் நவீனக் கணினியில் பழைய டோம்ஸ்டேவை ஓட்டிக் காட்டினார்கள். கைதட்டல். அடுத்த வருஷம் திட்டக் காலம் முடிந்தது. பச்சோந்தி நிறம் மாறிச் சுவரோடு சேர்ந்துவிட்டது. பொதுமக்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை.

2004இல் ஒரு தனிமனிதர் தன் சொந்த முயற்சியில் தட்டின் கட்டமைப்பை அலசி ஆராய்ந்து, ஊர்மக்கள் பகுதியை இணையத்தில் போட்டார். பல்கலைக்கழகங்கள் கண்டம் விட்டுக் கண்டம் கைகோத்துச் செய்யாததை ஒருவர் வீட்டிலிருந்து செய்தார். 2008இல் அவர் இறந்துபோனார். தளமும் இறங்கிவிட்டது.

அதே 2008இல் இன்னொரு சாவு. பிரிட்டனில் கலை, மானுடப்புலத் துறைகளில் அரசுப் பணத்தில் உருவாகும் கணினித் தரவுகள் அழியாமல் பாதுகாக்க 1996இல் ஒரு சேவை அமைப்பு தொடங்கியிருந்தார்கள். "உங்கள் ஆய்வு முடிந்த பிறகு எங்களிடம் கொடுங்கள், நாங்கள் காலாகாலத்துக்கும் காப்போம்" என்பது அதன் வேலை. 2008 மார்ச்சோடு அதற்கு நிதி நிறுத்தப்பட்டது. காலாகாலம் என்பது அரசுக் கணக்கில் 12 வருஷம் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவே அடுத்த வருஷமே, 2009இல், பிரிட்டன் ஆராய்ச்சிக் கவுன்சில்கள் புதிய விதி கொண்டுவந்தன. நிதி கேட்கிற ஒவ்வொருவரும் "தாக்கத்துக்கான பாதைகள்" என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும். ஆய்வின் பயன் சமூகத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று விளக்க வேண்டும். பேராசிரியர்கள் எழுதினார்கள். பல்கலைக்கழகங்கள் அதை எழுதக் கற்றுத்தர ஆள் நியமித்தன. பயிலரங்கு, மாதிரி விடை, டீ, பிஸ்கட். 2020 மார்ச்சில் அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். நீடித்த தாக்கம் பற்றிய பத்தாண்டுச் சாசனத்துக்கு நீடிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தப் பாதுகாப்புச் சேவை மூடியபோது எல்லாக் கிளையும் சாகவில்லை. யார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த தொல்லியல் தரவுப் பிரிவு இன்றும் நடக்கிறது. அவர்கள் செய்த காரியம் ரொம்பச் சாதாரணம்: தரவு கொண்டுவருகிறவரிடம் ஒப்படைக்கும்போதே ஒருமுறைக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கட்டணத்தை ஆய்வு பட்ஜெட்டிலேயே எழுதிக் கேட்க வேண்டும். அகழாய்வுக் குழிக்கு மண்வெட்டி எத்தனை என்று எழுதும் அதே தாளில், பத்து வருஷம் கழித்து இந்தக் கோப்பைத் திறந்து பார்க்கப் போகிறவருக்குச் சம்பளம் எவ்வளவு என்ற வரியும் வர வேண்டும். அழகான பத்தி எழுதியவர்கள் போய்விட்டார்கள், ரசீது போட்டவர்கள் நிற்கிறார்கள். ஆட்டுத்தோல் புத்தகத்தின் மூன்று சாவி ரகசியமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளைக்காரனைக் கிண்டல் பண்ணி முடிப்பதற்குள் நம் வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1990களில் தமிழில் தட்டச்சு செய்த கோப்பு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? திறந்து பாருங்கள். பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் உங்கள் தாத்தாவின் வாழ்க்கை வரலாறு ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் கலந்த வசவாகத் தெரியும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குறியீடு இருந்தது. 1999இல் சென்னையில் மாநாடு போட்டு, தமிழ்நாடு அரசே டாம், டாப் என்று இரண்டு தரம் அறிவித்தது. ஒரு மொழிக்கு ஒரு தரம் போதாது என்ற பெருந்தன்மை. 2010இல் அரசே யூனிகோடுக்கு மாறச் சொன்னது. இடையில் அரசுப் பணத்தில் தட்டச்சாகி, குறுந்தகடாகி, அமைச்சர் கையால் வெளியாகி, இப்போது எந்தக் கணினியிலும் திறக்காமல் அலமாரியில் மின்னுகிற தட்டுகளை யாராவது கணக்கெடுத்தால் அதற்கும் ஒரு நிதிநல்கை வாங்கலாம்.

இதே காலத்தில், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். குறியீடு மாறியபோது பழையதையெல்லாம் டிஸ்கி என்ற குறியீட்டுக்கு மாற்றினார்கள். பிறகு மறுபடி யூனிகோடுக்கு மாற்றினார்கள். மூன்று தலைமுறைக்கு ஒருமுறை ஏட்டைப் படியெடுத்துவிட்டுப் பழசைக் கழித்த ஊர்க்காரர்களுக்கு இது புதிய வேலை இல்லை. தலைமுறையின் நீளம்தான் ஐந்து வருஷமாகக் குறைந்துவிட்டது. அங்கே சம்பளத்துக்குப் பதில் பிடிவாதம் வேலை செய்தது. பிடிவாதத்தை பட்ஜெட்டில் எழுத முடியாது என்பதுதான் அதிலுள்ள ஒரே குறை.

பிபிசி கதைக்கு இன்னும் ஓர் உயிர் பாக்கி. 2011இல் அவர்களே "டோம்ஸ்டே ரீலோடட்" என்று இணையதளம் திறந்தார்கள். அன்றைய பிள்ளைகள் நரைத்த தலையோடு வந்து தங்கள் ஊர்க் கட்டத்தைத் தேடிப் பார்த்தார்கள். அதே 2011இல்தான் ஹல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாமர் குழு தொகுத்த தரவை வைத்து, வில்லியம் புத்தகமும் "ஓப்பன் டோம்ஸ்டே" என்று இணையத்தில் இலவசமாக வந்தது. இரண்டு புத்தகமும் ஒரே வருஷத்தில் ஒரே மைதானத்தில் இறங்கின. 2018 ஜூனில் பிபிசி ரீலோடட் தளத்தை மூடியது. கிழவர் தளம் தொடர்ந்து நடந்தது. மூன்றாவது சுற்றிலும் ஆட்டுத்தோல்.

ரீலோடட் மூடியபோது அதன் நகலைத் தேசிய ஆவணக்காப்பகம் தன் இணையக் காப்பகத்தில் எடுத்து வைத்துக்கொண்டது. மூலத் தட்டுகளைத் துல்லியமாகப் படியெடுக்க "டோம்ஸ்டே86" என்று ஆர்வலர்கள் கூடி, தாங்களே கருவி செய்து, அதன் வரைபடத்தையும் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறார்கள். ஆகவே தரவு இனி சட்டென்று சாகாது. அதைச் சட்டப்படி முழுசாகப் பகிரத்தான் முடியாது. பத்து லட்சம் பேர் சேர்ந்து எழுதியதால், காப்புரிமைச் சிக்கலும் அத்தனை பேரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.  அந்தச் சிக்கல் தீர ஒரு கணக்குப்படி 2090 ஆகும். அப்போது கியூவில் இருக்கும் வில்லியம் புத்தகத்துக்கு வயது 1,004. லண்டன் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கும்.